எழுதாமல் விட்ட வரி

காலை எட்டு மணிக்கு அவள் இன்குபேட்டரைத் திறந்து தட்டை வெளியே எடுத்தாள். அதில் ஐந்து கருமுட்டைகள் இருந்தன. முந்தின நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவை அவளே கண்ணாடி ஊசியால் ஏற்றி வைத்திருந்தாள். பதினேழு மணி நேரம் ஆகிவிட்டது. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால், இந்நேரம் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வட்டங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்று தாயின் உட்கரு, இன்னொன்று தகப்பனுடையது.

முதல் முட்டையில் ஒரு வட்டம்தான் இருந்தது. இரண்டாவதிலும் ஒன்றுதான். மூன்றாவதைப் பார்க்கும்போதே மீதி இரண்டில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் பார்த்தாள். பார்க்காமல் எழுதுகிற பழக்கம் அவளிடம் கிடையாது. ஐந்திலும் தாயின் வட்டம் தெளிவாக இருந்தது. சற்றுத் தள்ளி, தூசு விழுந்தது போல, விந்தணுவின் தலை நேற்று விட்ட இடத்திலேயே கிடந்தது.

விந்தணுவைப் பற்றி ஊரில் ஆயிரம் பெருமை பேசுகிறார்கள். அது முட்டைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற முக்கியமான சரக்கு ஓர் உட்கருதான். வால் நீந்தி வருவதற்கு. வந்து சேர்ந்தபின் அதற்கு வேலை இல்லை. தகப்பன் வழிச் சொத்து முழுவதும் அந்த உட்கருவுக்குள் நூலாகச் சுற்றி, இனி ஒரு சுற்றுக்குக்கூட இடமில்லை என்கிற அளவுக்கு இறுக்கிக் கட்டியிருக்கும். வழியில் சேதமாகாமல் இருக்க அந்த இறுக்கம் வேண்டும். ஆனால் உள்ளே போனபிறகு கட்டு அவிழ வேண்டும். அவிழ்ந்து, ஊறி, பெருத்து, வட்டமாக எழுந்தால்தான் தாயின் வட்டத்தோடு சேர முடியும். அவிழ்ப்பது முட்டையின் வேலை. அவிழும்படி கட்டி அனுப்புவது விந்தணுவின் பொறுப்பு. இங்கே கட்டு அவிழவில்லை.

போன தடவை இதே தம்பதிக்கு மூன்று முட்டை. அதிலும் இதே கதைதான். ஆக மொத்தம் எட்டு.

கை பிசகிவிட்டதோ என்று முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். ஆனால் நேற்று அதே கையால் வேறு இரண்டு பேருக்கு ஏற்றிய முட்டைகள் பக்கத்துத் தட்டுகளில் இருந்தன. அவற்றில் வட்டங்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தன.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. அந்தக் கருத்தரிப்பு மையத்தின் ஐந்தாவது மாடியில், ஜன்னல் இல்லாத லேப் அறையில், பத்தொன்பது வருடமாக வேலை. முட்டைகளுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் அங்கே விளக்கு எப்போதும் மங்கலாகத்தான் எரியும். அதனால் நர்சுகள் அவளுக்கு 'இருட்டறை அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். “ஊர்ல பாதிப் பிள்ளைங்க மூஞ்சிய முதல்ல பாத்தது எங்க அக்காதான். ஆனா ஒரு பிள்ளைக்கும் அக்கா மூஞ்சி தெரியாது” என்று புதிதாக வருகிறவர்களிடம் அவளைக் காட்டிச் சொல்லுவார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டரிடம் போனாள்.

“கட்டு பிரியல டாக்டர். முட்டை முழிச்சிருக்கு, தன் பங்குக்கு உட்கருவ உண்டாக்கியிருக்கு. விந்தணுவோட தலைதான் அப்படியே கிடக்குது. போன தடவையும் இதேதான்.”

“அவருக்கு எண்ணிக்கை நல்லா இருந்துச்சே.”

“எண்ணிக்கை நல்லாத்தான் இருக்கு. நீச்சலும் நல்லாத்தான் இருக்கு. அது வேற, இது வேற.”

பெரிய டாக்டர் கெட்டவர் அல்ல. அன்று அறைக்கு வெளியே பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “இதெல்லாம் நமக்குள்ள பேச நல்லா இருக்கும். அவங்ககிட்ட இத ஆரம்பிச்சா பொழுது போயிடும். முட்டைன்னு சொன்னா சட்டுனு புரியும்.”

கம்ப்யூட்டரில் அந்த வரி ஏற்கெனவே தயாராக இருந்தது. 'கருமுட்டைகளின் தரம் குறைவு.' ஒரு பொத்தானைத் தட்டினால் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். டாக்டர் தட்டினார். அவள் லேப்புக்குத் திரும்பிவிட்டாள். நோயாளிகளிடம் டாக்டர்தான் பேசுவார், லேப் பேசாது என்பது அங்கே எழுதாத சட்டம். பேசாமல் இருப்பதும் ஒரு சுகம்தான் என்று அவளுக்கு எப்போதோ பழகிப்போயிருந்தது.

அன்று ஒரு காரியம் மட்டும் செய்தாள். தேறாத முட்டைகளைப் பரிசோதிக்கலாம் என்று தம்பதி கையெழுத்திட்ட படிவத்திலேயே இடம் இருந்தது. யாரும் அதைச் செய்வதில்லை. அவள் அந்த ஐந்தையும் நீலமாக ஒளிரும் சாயத்தில் நனைத்துப் பார்த்தாள். தாயின் உட்கரு ஈரத்துணி மேல் விழுந்த மைத்துளி போலப் பரவி மென்மையாக மின்னியது. விந்தணுவின் உட்கரு குண்டூசித் தலை போலக் கூர்மையாக, இறுக்கமாக இருந்தது. ஐந்துக்கும் படம் எடுத்து வைத்தாள். எதற்கென்று கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரியாது.

அவள் இருந்தது மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீடு. கூட இருந்த அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. வேறு ஊரில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுவான். “சாப்ட்டியாக்கா? உடம்பு பரவாயில்லையா? சரிக்கா, வெச்சிடறேன்.” அவ்வளவுதான். அவன் மேலும் தப்பில்லை. அவளுக்கும் அதற்கு மேல் சொல்லச் சங்கதி இருந்ததில்லை. சில திங்கட்கிழமைகளில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கட்டியிருக்கும். இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். அதனால் லிஃப்ட்டில் தனியாக ஏறினால் “குட்மார்னிங், குட்மார்னிங்” என்று தனக்குத்தானே சொல்லித் தொண்டையைச் சரிசெய்துகொள்வாள்.

மதியச் சாப்பாடும் தனியாகத்தான். லேப்புக்குள் எதையும் தின்னக்கூடாது. கீழே கேன்டீனில் நோயாளிகள் இருப்பார்கள். எனவே நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாள். அந்தப் படிக்கட்டைக் குப்பை எடுக்கிறவர்களைத் தவிர யாரும் பயன்படுத்துவதில்லை.

ஒரு வாரம் கழித்து அங்கே ஒருவன் நின்றிருந்தான். முப்பத்தாறு, முப்பத்தேழு வயதிருக்கும். நீலச் சட்டைப் பையின் மேல் லிஃப்ட் கம்பெனி அடையாளம், விரல் நகங்களில் கிரீஸ் கறை.

“மேடம், லேப்ல இருக்கறது நீங்கதானே?”

“இந்த வழியா யாரும் வரக்கூடாதுங்க.”

“லிஃப்ட் மெக்கானிக் மேடம். எந்தக் கட்டடத்துக்கும் பின்வாசல் தெரியும்.” பெருமையாகச் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னான். பிறகு மடித்த ரிப்போர்ட்டை நீட்டினான். “இது நெஜமா?”

எட்டு முட்டைக்காரன் இவன்தான் என்று அவளுக்குப் புரிந்தது. “டாக்டர்கிட்ட கேளுங்க” என்றாள். மறுநாளும் வந்தான். “டாக்டர்கிட்ட கேளுங்க தம்பி” என்றாள். மூன்றாம் நாள் அவன் எதுவும் கேட்கவில்லை. நாலு படி கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, சுவரைப் பார்த்துப் பேசினான்.

“எங்கம்மா இந்தப் பேப்பரை ஃப்ரிட்ஜ் மேல வெச்சிருக்காங்க. வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் எடுத்துக் காட்டறாங்க. அவ தையல் மெஷின்ல உக்காந்திருப்பா. காதுல விழாத மாதிரி மெஷினை வேகமா மிதிப்பா. நேத்து துணியே இல்லாம மிதிச்சிட்டிருந்தா மேடம்.”

அவள் டப்பாவை மூடினாள். பத்தொன்பது வருடத்தில் முட்டைகளைத்தான் பார்த்திருக்கிறாள். அவற்றின் பின்னால் துணியில்லாத தையல் மெஷின் இருக்கும் என்று நினைத்ததில்லை.

“அதுல போட்டிருக்கறது சரியில்ல” என்று அவள் குரல் சொன்னது.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. உட்கரு, நூல், கட்டு, வட்டம், எடுத்து வைத்த படங்கள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திரும்பி உட்கார்ந்து, கேபிள் எங்கே அறுந்தது என்று பார்க்கிறவனைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான்.

“அப்ப ஆளு உள்ள போயிட்டான். மூட்டையத்தான் அவிழ்க்கல.”

“அப்படித்தான் வெச்சுக்கங்க.”

“அவ மேல தப்பில்ல.”

“அப்படியும் சொல்ல முடியாது தம்பி. அவிழ்க்க வேண்டியது முட்டை. கட்டு ரொம்ப முறுக்கா இருந்திருக்கலாம். இல்ல, முட்டைக்கு அதை அவிழ்க்கத் தெம்பு போதாம இருந்திருக்கலாம். ரெண்டுல எதுன்னு பாத்த மாத்திரத்துல தெரியாது. எனக்கும் தெரியாது.”

அவன் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தான்.

“எதுன்னு தெரியாதுன்னா, என் மேலன்னே எழுதிக் குடுத்துடுங்களேன்.”

“பொய் எழுத முடியாது.”

“பொய் வேணாம். பாத்ததை எழுதுங்க. என்னோடது பிரியலங்கறது நெஜம்தானே? அவளோட முட்டை முழிச்சிருந்துச்சுங்கறதும் நெஜம்தானே? அது ரெண்டையும் எழுதுங்க. போதும்.”

அன்று மாலை வேலை முடிந்தபின் லேப் தாளை எடுத்து எழுதினாள். 'ஐந்து கருமுட்டைகளும் விழித்து, தம் பங்கு உட்கருவை முறையாக உருவாக்கியுள்ளன. விந்தணுவின் உட்கரு ஐந்திலும் பிரியவில்லை.' அதன் கீழே, 'இதற்குக் காரணம் விந்தணுவிலும் இருக்கலாம், கருமுட்டையிலும் இருக்கலாம். உறுதியாகக் கூற இயலாது' என்று மூன்றாவதாக ஒரு வரி எழுதினாள். எழுதி முடித்துப் படித்தாள். ஃப்ரிட்ஜ் மேல் அந்தக் கடைசி வரி என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார்த்தாள். புதுத் தாளில் முதல் இரண்டு வரியை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பழைய தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

மறுநாள் படிக்கட்டில் அதை வாங்கிக்கொண்டு அவன் இரண்டு தடவை படித்தான். “ரொம்ப நன்றிக்கா” என்றான். மேடம், அக்காவாகியிருந்தது. அன்று இரவு அவள் வீட்டில் தட்டு கழுவும்போது ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். தன் குரல்தான் என்று தெரிந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

அதற்குப்பின் அவன் வரவில்லை. காரியம் ஆனவன் எதற்கு வருவான்? ஆனாலும் ஒன்றரை மணிக்குப் படிக்கட்டுக் கதவு சத்தம் கேட்டால் அவள் நிமிர்ந்து பார்த்தாள். குப்பை எடுக்கிற அம்மாதான் வருவாள்.

ஆறு வாரம் கழித்து அந்தப் படிக்கட்டுக்கு வேறொருத்தி வந்தாள். ஒல்லியான உடம்பு, தோளில் துணிப்பை, முப்பது முப்பத்தொன்று வயது. கழுத்தில் அளவெடுக்கிற டேப் தொங்கியது. வேலை நடுவில் கழற்ற மறந்து வந்திருக்கிறாள்.

“ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற கடையிலேருந்து வரேன். லிஃப்ட் மெக்கானிக்கோட வீட்டுக்காரி.” உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “அந்தப் பேப்பர் எழுதினது நீங்கதானே?”

“ஆமாம்மா.”

“அதக் கொண்டு வந்து குடுத்தாரு. மாமியார் படிச்சாங்க. அதுக்கப்புறம் வீட்ல ஒரு பேச்சு இல்ல, பெட்டிப் பாம்பா அடங்கிட்டாங்க. நல்லதுதான். ஆனா போன வாரம் எங்கண்ணன் வந்துச்சு. அதுவும் படிச்சுச்சு. குறை அவன்கிட்ட இருக்கறப்ப நீ எதுக்கு இங்க கிடந்து அல்லாடணும், உனக்கென்ன வயசா ஆயிடுச்சு, கெளம்புன்னு ஒத்தக் கால்ல நிக்குது.”

இருட்டறை அக்கா டப்பாவைக் கீழே வைத்தாள். மாமியார் வாயை அடைக்க எழுதிய தாள் அண்ணன் வாயைத் திறந்துவிட்டிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது அவளுக்குத் தெரியாத பழமொழியா என்ன?

“எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்” என்றாள் தையற்காரி. “அதுல இருக்கறது முழுசா?”

“இருக்கறது எல்லாம் நெஜம்.”

“நெஜமான்னு கேக்கல. முழுசான்னு கேட்டேன்.”

துணி வெட்டுகிறவளுக்குத் துண்டு குறைவது தெரியாமலா இருக்கும்? மறைத்துப் பயனில்லை.

“முழுசு இல்லம்மா. இன்னொரு வரி இருந்துச்சு. காரணம் ரெண்டு பக்கமும் இருக்கலாம், உறுதியா சொல்ல முடியாதுன்னு. எழுதினேன். அப்புறம் விட்டுட்டேன்.”

“அவரு விடச் சொன்னாரா?”

“அந்த வரியப் பத்தி அவருக்குத் தெரியாது. ஆனா தன் மேல எழுதச் சொன்னாரு. விட்டது நான்தான்.”

தையற்காரி தலையை ஆட்டிக்கொண்டாள். “சொல்லுவாரு. கல்யாணம் ஆன புதுசுல நான் பாத்திரத்தைப் போட்டு ஒடச்சா, அம்மா வர்றதுக்குள்ள ஓடி வந்து நான்தான் ஒடச்சேன்பாரு. நல்ல மனுஷன்தான்.” குரல் உயரவில்லை; ஆனால் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. “அது என் உடம்புலேருந்து எடுத்தது. மயக்க ஊசி போட்டு, படுக்க வெச்சு, என்கிட்டருந்து எடுத்தது. டாக்டர் ஒண்ணு எழுதினாங்க. அவரு வந்து உங்ககிட்ட பேசினாரு. நீங்க ஒண்ணு எழுதினீங்க. இந்தப் படியில உக்காந்து ரெண்டு பேரும் என் விஷயத்தைத் தீத்துட்டீங்க. ஒருத்தராவது என்னைக் கூப்பிட்டு, இப்படி இருக்கு, நீ என்னம்மா சொல்றேன்னு கேட்டீங்களா?”

இருட்டறை அக்கா எழுந்து நின்றாள்.

“தப்புதாம்மா” என்றாள்.

“இதுலயும் ஆளாளுக்குத் தப்பை எடுத்துக்கறீங்க” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள். டேப்பின் நுனி கைப்பிடிக் கம்பியில் தட்டிக்கொண்டே போகிற சத்தம் கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது.

அந்த வாரமே அண்ணன்காரர் தாளை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் வந்துவிட்டார். சீல் வைத்து, அச்சடித்துத் தர வேண்டுமாம். அப்படித்தான் விஷயம் டாக்டருக்குத் தெரிந்தது. அவளைக் கூப்பிட்டு மேஜை மேல் அந்தத் தாளை வைத்தார்.

“பத்தொன்பது வருஷமா உங்களால எனக்கு ஒரு தலைவலி வந்ததில்ல.”

“தெரியும் டாக்டர்.”

“எதுக்கு இப்படிப் பண்ணினீங்க?”

அவள் யோசித்துப் பார்த்தாள். நியாயத்துக்காக என்று சொல்லலாம். அது முழுசு இல்லை. “என்கிட்ட வந்து ஒருத்தர் கேட்டாரு டாக்டர்” என்றாள். “இதுக்கு முன்னாடி யாரும் கேட்டதில்ல.”

வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் அவள் அன்று மேஜை இழுப்பறையைக்கூடக் காலி செய்து வைத்திருந்தாள். போகவில்லை. அந்த வேலைக்கு அந்தக் கை மாதிரி இன்னொரு கை கிடைப்பது குதிரைக் கொம்பு என்று டாக்டருக்குத் தெரியும். இனி இப்படி நடக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை.

“கம்ப்யூட்டர்ல இருக்கற அந்த வரிய எடுத்துடணும் டாக்டர். தரம் குறைவுங்கற வரி. தெரிஞ்சா எழுதலாம். தெரியாதப்ப தெரியலன்னு எழுதலாம்.”

“பாக்கலாம்” என்றார் டாக்டர்.

அந்தப் 'பாக்கலாம்' எத்தனை நாள் தாங்கும் என்பது அவளுக்குத் தெரியும். வரி அப்படியே இருந்தது. அதனால் அவள் ரிப்போர்ட் கையெழுத்துக்குப் போகும் முன் அதன் கீழே பேனாவால் தான் பார்த்ததை எழுத ஆரம்பித்தாள். பார்த்தும் புரியாததையும் சேர்த்து. டாக்டர் சிலவற்றை அடித்தார், சிலவற்றை விட்டார். செவ்வாய்க்கிழமை பிற்பகல் அரை மணி நேரம், கேள்வி இருக்கிற பெண்கள் லேப் ஆளிடம் பேசலாம் என்று அவள் கேட்டு வாங்கினாள். ரிசப்ஷன் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை போட்டார்கள். முதல் செவ்வாய் ஒருவரும் வரவில்லை. இரண்டாவது செவ்வாய் ஒருத்தி வந்து, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

நடுவில் ஒருநாள் லிஃப்ட் மெக்கானிக் வந்தான். வேலையாகத்தான் வந்தான், மையத்தின் லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்றுபோயிருந்தது. வேலை முடிந்ததும் படிக்கட்டுக்கு வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்தான்.

“போயிட்டாக்கா.”

“அண்ணன் வீட்டுக்கா?”

“அங்க பத்து நாள்தான் இருந்தா. அண்ணன் மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிடுச்சாம். அங்கருந்தும் கெளம்பிட்டா. கடைக்குப் பக்கத்துல ஒரு ரூம் எடுத்திருக்கா.” கிரீஸ் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். “அந்த வரியப் பத்திச் சொன்னா. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அவளுக்காகன்னு நெனச்சுத்தான் எல்லாம் பண்ணினேன். அவகிட்ட கேக்கணும்னு தோணவே இல்ல பாருங்க.”

“எனக்கும் தோணல.”

“வீட்ல அம்மா பேசறதில்ல. நானும் பேசறதில்ல. மெஷின் சத்தம் இல்லாம தூக்கம் வரமாட்டேங்குது.”

அவளுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. தன் வீட்டில் பாத்திரம் நகர்ந்தால்கூட நகர்த்தியது தான் மட்டும்தான் என்பதை, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சுவர் எப்படி இருக்கும் என்பதை. ஆனால் அதையெல்லாம் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. “சாப்பிடறீங்களா தம்பி?” என்று டப்பாவை நீட்டினாள். அவன் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டு எழுந்து போனான்.

நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை தையற்காரி சின்ன மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது.

“படம் எடுத்து வெச்சிருக்கீங்கன்னு அவரு ஒரு நாள் சொன்னாரு. நான் பாக்கலாமா?”

“உங்களோடதும்மா. தாராளமா பாக்கலாம்.”

கம்ப்யூட்டரில் ஐந்து படங்களையும் வரிசையாகத் திறந்தாள். தையற்காரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இதுல நான் எது?”

“முழுக்க நீங்கதான். இந்தப் பெரிய உருண்டை மொத்தமும். உள்ள இந்த வட்டம் உங்க உட்கரு. இந்தச் சின்னப் புள்ளி அவரோடது.”

“இவ்வளவுதானா அவரு?” அவள் முகத்தில் முதல்தடவையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. “வீட்ல ஆறடிக்கு நிப்பாரு. வாசப்படி இடிக்கும்.”

“எல்லாரும் இவ்வளவுதாம்மா ஆரம்பத்துல.”

ஐந்து படங்களையும் நிதானமாகப் பார்த்தாள். மூன்றாவதில் மறுபடி நின்றாள். “இது கொஞ்சம் ஊதினாப்பல இருக்கே?”

இருட்டறை அக்கா குனிந்து பார்த்தாள். உண்மைதான். அந்தப் புள்ளியின் ஓரம் மற்றவை போலக் கூர்மையாக இல்லை, லேசாகக் கலைந்திருந்தது. அன்று அவசரத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

“ஆமா. அவிழ ஆரம்பிச்சு நின்னுபோயிருக்கு.”

“அப்ப முட்டை இழுத்துப் பாத்திருக்கு.”

“பாத்திருக்கு. அந்தக் கட்டும் கொஞ்சம் இளகிக் குடுத்திருக்கு. எங்க நின்னுச்சு, யாரால நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. பேப்பர்ல ஐந்திலும் பிரியலன்னு எழுதினேனே, அதுவும் முழு நெஜமில்லன்னு ஆயிடுச்சு.”

“இதுக்கு ஏதாவது செய்ய முடியுமா?”

“இப்ப சில வழி முயற்சி பண்றாங்க. நிச்சயம்னு சொல்ல மாட்டேன். சில பேருக்குப் பலிக்குது, பல பேருக்குப் பலிக்கல. வேணும்னா எல்லாத்தையும் எழுதித் தரேன், ஒரு வரி விடாம. ஆனா முடிவு நீங்க எடுக்கணும்.”

“இப்ப எடுக்கல” என்றாள் தையற்காரி. “அவரு ஞாயித்துக்கிழமை வருவாரு. ஃபேன் சத்தம் போடுதும்பாரு, குழாய் ஒழுகுதும்பாரு, எதையாவது சரிபண்ணிட்டு, சாப்ட்டுட்டுப் போவாரு. திரும்பப் போவியான்னு கேக்காதீங்க. எனக்கே தெரியாது. ஆனா யாரும் எனக்காக முடிவு பண்ணாத ரூம் அது. இப்போதைக்கு அது போதும்.”

“கேக்கல.”

படங்களின் நகலை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தாள். தையற்காரி அதைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தவள், நின்றாள்.

“உங்களுக்கு யாரு இருக்காங்கக்கா?”

யாரும் கேட்காத கேள்வி. “தம்பி இருக்கான்” என்றாள். பிறகு, முழுசாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவள் போல, “வேற ஊர்ல” என்றாள்.

தையற்காரி அதற்கு மேல் கேட்கவில்லை. ஐயோ பாவம் என்றும் பார்க்கவில்லை. “ஐந்தரை பஸ் போயிடும்” என்றாள்.

“வாங்க, ஸ்டாப் வரைக்கும் வரேன்.”

பகல் வெளிச்சம் இருக்கும்போது முன்வாசல் வழியாக அவள் வெளியே வந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. கண் கூசியது. சாலையைக் கடக்கையில் தையற்காரி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் போனதும் விட்டுவிட்டாள். ஸ்டாப்பில் இருவரும் அதிகம் பேசவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வருகிறது, கடையில் மூச்சு விட நேரமிருக்காது என்று ஒருத்தி சொன்னாள். லேப்பில் ஏசி ஜாஸ்தி, எப்போதும் கை குளிரும் என்று இன்னொருத்தி சொன்னாள். பஸ் வந்தது. தையற்காரி ஏறி, நடுவில் ஜன்னலோரம் இடம் பிடித்து, தலையை மட்டும் ஆட்டினாள்.

பஸ் திருப்பத்தில் மறைந்தபின்னும் அவள் அங்கேயே நின்றிருந்தாள். மேலே போய் இன்குபேட்டர்களின் சூட்டைக் குறித்து வைக்க வேண்டும். அதற்கு இன்னும் நேரம் இருந்தது. மூச்சிரைக்க ஓடிவந்த ஒருவர் அவளிடம் கேட்டார்.

“ஐந்தரை பஸ் போயிடுச்சாங்க?”

“இப்பத்தாங்க போச்சு” என்றாள். அவர் சலித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். “அடுத்தது எப்ப வரும்?”

“தெரியலையே” என்றாள். அவளுக்கு அந்த ஸ்டாப் புதிது. சற்று யோசித்துவிட்டு, பெஞ்சின் மறு ஓரத்தில் அவளும் உட்கார்ந்தாள்.